நாய்க்குக் கணைய அழற்சி: முதல் வாந்தி முதல் மூன்றாம் மாதம் வரை சிங்கப்பூரில் செய்ய வேண்டியவை

மிளகு எங்கள் வீட்டு நாய். மினியேச்சர் ஷ்னாவ்சர் வகை, ஏழு வயது, எட்டு கிலோ. ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் வீட்டில் நெய் காய்ச்சினோம். சட்டியின் அடியில் தங்கிய கசண்டைச் சூடான சோற்றில் பிசைந்து அத்தை அவனுக்கு ஊட்டினார். என் பிள்ளைகளுக்கும் அப்படி ஊட்டி வளர்த்தவர் அவர். சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு மஞ்சள் நுரையாக முதல் வாந்தி. ஞாயிறு நள்ளிரவில்தான் அவனை அவசரப் பிரிவில் சேர்த்தோம். இடையில் போன நாற்பது மணி நேரத்தை நினைத்தால் இன்றும் எனக்கு வயிறு கலங்குகிறது.

அந்த நாற்பது மணி நேரம் உங்களுக்கு வீணாகப் போகக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன். நான் மருத்துவர் இல்லை, அதனால் மருந்து அளவு எதுவும் இங்கே இருக்காது. எப்போது வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டும், கையில் எதை எடுக்க வேண்டும், அங்கே என்ன கேட்க வேண்டும், எவ்வளவு செலவாகும், திரும்பி வந்த பிறகு சமையலறையில் என்ன மாற வேண்டும் என்பதையெல்லாம் நான் பட்டுத் தெரிந்துகொண்ட வரிசையிலேயே சொல்கிறேன்.

நோயைப் பற்றி இவ்வளவு தெரிந்தால் போதும். கணையம் இரைப்பைக்கும் சிறுகுடலின் தொடக்கத்துக்கும் பக்கத்தில் இருக்கிற சுரப்பி. கொழுப்பையும் புரதத்தையும் செரிக்கவைக்கும் நொதிகள் அங்கேதான் சுரக்கின்றன. அவை குடலுக்குப் போன பிறகுதான் வேலையைத் தொடங்க வேண்டும். கணைய அழற்சியில் அவை சுரப்பிக்குள்ளேயே விழித்துக்கொண்டு கணையத்தையே அரிக்கத் தொடங்குகின்றன. அதனால்தான் அவ்வளவு வலி. ஏன் வந்தது என்று பல நாய்களில் கடைசி வரை தெரியாமலே போய்விடும். கொழுப்பு மிகுந்த சாப்பாடு, குப்பையைக் கிளறித் தின்றது, உடல் பருமன், நீரிழிவு, சில ஹார்மோன் கோளாறுகள், வலிப்புக்குக் கொடுக்கும் சில மருந்துகள் ஆகியவை ஆபத்தைக் கூட்டும். ஷ்னாவ்சர், யார்க்‌ஷயர் டெரியர், காக்கர் ஸ்பேனியல் வளர்ப்பவர்கள் இன்னும் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். மினியேச்சர் ஷ்னாவ்சர் வீவக எனும் அரசு அடுக்குமாடி வீடுகளில் வளர்க்க அனுமதி உள்ள வகை என்பதால் இங்கே நிறையப் பேர் வைத்திருக்கிறார்கள். இந்த வகை நாய்களில் பலவற்றுக்கு ரத்தத்தில் கொழுப்பு இயல்பாகவே அதிகம். இதை எனக்கு யாரும் முன்கூட்டியே சொல்லவில்லை.

1. வாந்தியை எண்ணுங்கள், நிற்கும் விதத்தைப் பாருங்கள்

நாய் எப்போதாவது ஒரு தடவை வாந்தி எடுப்பது சாதாரணம். புல்லைத் தின்னும், கக்கும், அப்புறம் வாலாட்டிக்கொண்டு சாப்பாட்டுக்கு வந்து நிற்கும். அப்படி வந்து நின்றால் கொஞ்சம் பொறுத்துப் பார்க்கலாம். பிடித்த தீனியை மோந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டால் கவலைப்பட வேண்டிய நேரம் வந்துவிட்டது என்று அர்த்தம். கொழுப்புச் சாப்பாட்டுக்குப் பிறகு சில மணி நேரத்திலும் அறிகுறி வரலாம், ஓரிரு நாள் கழித்தும் வரலாம். அதனால் “அது முந்தாநாள் தின்றதாச்சே” என்று விட்டுவிடாதீர்கள்.

நான் தவறவிட்ட அறிகுறி இதுதான். சனிக்கிழமை மதியம் மிளகு முன்னங்கால்களையும் நெஞ்சையும் தரையோடு அழுத்திக்கொண்டு, பின்பக்கத்தை மட்டும் தூக்கி நின்றான். பார்ப்பதற்குக் கும்பிடுவது மாதிரியே இருக்கும். அதைப் படம் பிடித்துக் குடும்பக் குழுவில் போட்டேன். எல்லாரும் இதயம் அனுப்பினார்கள். வயிற்று வலி தாங்காமல் நாய் நிற்கும் நிலை அது என்று மறுநாள் இரவு மருத்துவர் சொல்லித்தான் தெரிந்தது. விளையாடக் கூப்பிடும்போதும் நாய் இப்படிக் குனியும். ஆனால் அது ஒரு நொடிதான், வால் ஆடும், உடனே துள்ளி ஓடும். வலியில் நிற்கும் நாய் அப்படியே நிற்கும், படுக்கப் போகும், படுக்காமல் எழும், இடம் மாற்றி மறுபடி அதே மாதிரி நிற்கும். கண் உங்களைப் பார்க்காது.

கீழே உள்ளவற்றில் எது இருந்தாலும் காலை வரை காத்திருக்காமல் அன்று இரவே கிளம்புங்கள்:

- சில மணி நேரத்துக்குள் மூன்று, நான்கு தடவை வாந்தி, அல்லது குடித்த தண்ணீரே வெளியே வருவது
- வயிற்றில் கை வைத்தால் இறுக்கிக்கொள்வது, முனகுவது, தூக்கவிடாமல் விலகுவது
- அந்தக் கும்பிடும் நிலை திரும்பத் திரும்ப வருவது
- ஈறு வெளிறியோ மஞ்சளாகவோ இருப்பது. ஈறை விரலால் அழுத்தி விட்டால் இரண்டு நொடிக்குள் நிறம் திரும்ப வேண்டும். ஈறு ஒட்டுகிற மாதிரி காய்ந்திருந்தால் உடம்பில் நீர் வற்றிவிட்டது.
- வாந்தியிலோ மலத்திலோ ரத்தம்
- நிற்க முடியாமல் தள்ளாடுவது

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வயிறு உப்பிக்கொண்டே போகிறது, ஓங்கரிக்கிறது, ஆனால் எதுவும் வெளியே வரவில்லை என்றால் அது இரைப்பை முறுக்கிக்கொண்டதாக இருக்கலாம். நெஞ்சு ஆழமான பெரிய நாய்களில் அதிகம். அதற்கு ஒரு நிமிடம்கூடத் தாமதிக்கக் கூடாது.

2. வீட்டு வைத்தியம் எதுவும் வேண்டாம்

பாசத்தில்தான் எல்லாரும் ஏதாவது கொடுப்போம். எங்கள் வீட்டில் அத்தை வயிற்றில் கோடாலித் தைலம் தடவலாமா என்று கேட்டார். தடவினால் நாய் நக்கும். அதில் உள்ள பொருள்கள் அதன் உடம்புக்குள் போகக் கூடாதவை. பனடால், இபுபுரூஃபென் போன்ற மனிதர்களுக்கான வலி மாத்திரைகள் நாயைக் கொல்லக்கூடியவை, அரை மாத்திரையும் வேண்டாம். பால், மோர், தயிர்சாதம், இளநீர் என்று வாயைத் திறந்து ஊற்றவும் வேண்டாம். ஓங்கரிக்கும் நாய்க்கு ஊற்றினால் நுரையீரலுக்குள் போய்விடும்.

தண்ணீரைக் கிண்ணம் நிறைய வைக்காமல், சில மிடறு குடிக்கும் அளவுக்கு அடிக்கடி வையுங்கள். அதுவும் தங்கவில்லை என்றால் வீட்டில் செய்வதற்கு வேறு எதுவும் இல்லை, கிளம்ப வேண்டியதுதான்.

“ஒரு நாள் பட்டினி போட்டால் சரியாகிவிடும்” என்று பலர் சொல்வார்கள். எனக்கும் சொன்னார்கள், நானும் கேட்டேன். முன்பு மருத்துவர்களே இந்த நோய்க்குப் பல நாள் பட்டினி போடச் சொல்வார்களாம். இப்போது அப்படிச் செய்வதில்லை. வாந்தியை மருந்தால் அடக்கி, முடிந்தவரை சீக்கிரம் கொஞ்சமாவது சாப்பிட வைப்பதுதான் இப்போதைய முறை. அதற்கு மருந்து வேண்டும், மருந்துக்கு மருத்துவர் வேண்டும்.

3. கிளம்புமுன் கையில் எடுக்க வேண்டியவை

இதை இன்றே ஒரு பையில் போட்டு வைத்துவிடுங்கள். நள்ளிரவில் அழுதுகொண்டே அலமாரியைக் குடையும் நிலை உங்களுக்கு வர வேண்டாம்.

- தடுப்பூசி அட்டை, பழைய ரத்தப் பரிசோதனை முடிவுகள்
- மைக்ரோசிப்பின் 15 இலக்க எண். நாய் உரிமமும் இந்த எண்ணோடுதான் பதிவாகியிருக்கும். தேசியப் பூங்காக் கழகத்தின் கீழுள்ள விலங்கு மருத்துவச் சேவைப் பிரிவான ஏவிஎஸ் பதிவில் உங்கள் கைப்பேசி எண் பழையதாக இருந்தால் கையோடு மாற்றுங்கள்.
- இப்போது கொடுக்கும் மருந்துகள், சத்து மாத்திரைகள், உண்ணி மருந்து எல்லாவற்றின் பெயரும் கடைசியாகக் கொடுத்த தேதியும். பெட்டிகளைப் படம் பிடித்து வைத்தாலே போதும்.
- காப்பீடு இருந்தால் ஒப்பந்த எண்
- கடைசி மூன்று நாள் சாப்பிட்டதன் பட்டியல். வெட்கப்படாமல் உள்ளதை உள்ளபடி எழுதுங்கள்.
- வாந்தியின் படம், நிற்கும் விதத்தின் காணொளி, எத்தனை மணிக்கு எத்தனை தடவை என்ற குறிப்பு

கடைசியாகச் சொன்ன குறிப்பு மிகவும் உதவும். “காலையிலிருந்து வாந்தி” என்று சொன்னால் மருத்துவருக்கு ஒன்றும் விளங்காது. “7.10, 9.30, 11 மணிக்கு மஞ்சள் நுரை, 1 மணிக்குக் குடித்த தண்ணீர்” என்றால் உடனே விளங்கும். நீங்கள் வேலையில் இருக்கும்போது பணிப்பெண்ணோ பெற்றோரோ கொண்டுபோக நேரலாம். சிகிச்சைக்குச் சம்மதம் சொல்லவும் எவ்வளவு செலவு வரை உடனே செய்யலாம் என்று முடிவெடுக்கவும் யாருக்கு அதிகாரம் என்பதை ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டு அதே பையில் வையுங்கள்.

போக்குவரத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். எம்ஆர்டியிலும் பேருந்திலும் வழிகாட்டி நாய்களைத் தவிர வேறு நாய்களை ஏற்றிக்கொள்ள மாட்டார்கள். டாக்சி ஓட்டுநர் மறுத்தால் தப்பு சொல்ல முடியாது. கிராப் செயலியில் செல்லப்பிராணிகளுக்கென்று தனிச் சேவை இருக்கிறது. கட்டணம் கூடுதல், நள்ளிரவில் வண்டி கிடைக்க நேரமாகலாம். எங்களுக்கு 25 நிமிடம் ஆனது. கார் உள்ள நண்பர் யாராவது இருந்தால், இரவில் கூப்பிடலாமா என்று இப்போதே கேட்டு வையுங்கள்.

எங்கே போவது என்பதையும் முன்கூட்டியே முடிவு செய்யுங்கள். அக்கம்பக்கத்து விலங்கு மருந்தகங்கள் (கிளினிக்குகள்) பெரும்பாலும் சாயங்காலத்தோடு மூடிவிடும், ஞாயிற்றுக்கிழமை அரை நாள்தான் அல்லது விடுமுறை. இரவு முழுதும் மருத்துவர் இருக்கும் விலங்கு மருத்துவமனைகள் இங்கே விரல்விட்டு எண்ணும் அளவுதான். உரிமம் பெற்ற விலங்கு மருத்துவ நிலையங்களின் பட்டியல் ஏவிஎஸ் இணையத்தளத்தில் இருக்கிறது. உங்கள் வீட்டுக்குப் பக்கமாக இருக்கும் இரண்டைத் தேர்ந்தெடுங்கள். போனில் அழைத்து, “ராத்திரி ரெண்டு மணிக்கு வந்தால் பார்ப்பீர்களா?” என்று கேட்டு, எண்ணைக் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டுங்கள். கிளம்பும்போதும் ஒரு தடவை அழையுங்கள். சில இரவுகளில் இடம் நிறைந்துவிடும்.

4. மருந்தகத்தில்: “கணையத்துக்குச் சோதனை செய்தீர்களா?”

சனிக்கிழமை மதியத்துக்கு மேல் ஒரு மருந்தகத்துக்குப் போனோம். வாந்திக்கு ஊசி, வயிற்றுக்கு மாத்திரை, 160 வெள்ளி, ஐந்து நிமிடம். நெய்க் கசண்டு கொடுத்ததை நான் சொன்னேன். சோதனை எதுவும் செய்யவில்லை, நானும் கேட்கவில்லை. ஊசி போட்டதும் வாந்தி நின்றது, ஆனால் வலி நிற்கவில்லை. ஞாயிறு முழுதும் அவன் ஒரு மூலையில் சுருண்டு கிடந்ததை “தேறிவருகிறான், தூங்கட்டும்” என்று நினைத்தோம். வாந்தி நின்றதாலேயே நோய் நின்றதாக ஆகாது. ஊசிக்குப் பிறகும் நாய் சாப்பிடவில்லை, எழவில்லை என்றால் அடுத்த நாளே திரும்பப் போங்கள்.

மருத்துவரிடம் கேட்க வேண்டிய சோதனைகள்:

முதலாவது, நாயின் கணைய லைப்பேஸ் சோதனை. சிபிஎல் என்று சொல்வார்கள். மருந்தகத்திலேயே செய்யும் துரிதச் சோதனைக்குச் சுமார் பத்து நிமிடம். முடிவு இயல்பாக வந்தால் கடுமையான கணைய அழற்சி இருக்கும் வாய்ப்புக் குறைவு. இயல்புக்கு மாறாக வந்தால் அதை மட்டும் வைத்து உறுதியாகச் சொல்ல முடியாது, வேறு வயிற்றுக் கோளாறிலும் அப்படி வரும். அடுத்ததாக ஆய்வகத்துக்கு அனுப்பி எண்ணாக வாங்கும் சோதனை. ஸ்பெக் சிபிஎல் என்ற அந்தச் சோதனையில் 200 வரை இயல்பு, 400-க்கு மேல் கணைய அழற்சிக்குப் பொருந்துகிற அளவு, நடுவில் இருந்தால் சந்தேகம், மறுபடி பார்க்க வேண்டும். மிளகுக்கு 400-ஐத் தாண்டியிருந்தது. சாதாரண ரத்தப் பரிசோதனையில் வரும் அமைலேஸ், லைப்பேஸ் எண்களை மட்டும் வைத்து “கணையம் சரியாக இருக்கிறது” என்று யாராவது சொன்னால் சிபிஎல் செய்யச் சொல்லிக் கேளுங்கள். அந்த எண்களை நாய்களில் அவ்வளவாக நம்ப முடியாது.

இரண்டாவது, முழு ரத்தப் பரிசோதனை. சிறுநீரகம், கல்லீரல், சர்க்கரை, உப்புச் சத்துகள் எல்லாம் எப்படி இருக்கின்றன என்று பார்ப்பதற்கு. மூன்றாவது, எக்ஸ்ரே. இது கணையத்தைக் காட்டுவதற்கல்ல. எலும்போ சோளக் கட்டையோ பொம்மைத் துண்டோ குடலில் அடைத்திருக்கிறதா என்று விலக்குவதற்கு. இரண்டு நோய்க்கும் வாந்தி ஒரே மாதிரிதான் இருக்கும், சிகிச்சைதான் வேறு. நான்காவது, அல்ட்ராசவுண்ட். வீங்கிய கணையத்தையும் பித்தக் குழாயையும் இதில் பார்க்கலாம்.

அந்த இரவு மருத்துவர் எங்களுக்கு ஒரு சின்னக் குழாயைக் காட்டினார். மிளகின் ரத்தத்தைச் சுழற்றிப் பிரித்தது. அடியில் சிவப்பு. மேலே தெளிந்த மஞ்சள் நீராக இருக்க வேண்டியது, தண்ணீர் கலந்த பால் மாதிரி வெள்ளையாக நின்றது. “இது முழுக்கக் கொழுப்பு” என்றார். இத்தனை காலம் நாங்கள் “ஒரு வாய்தானே” என்று கொடுத்ததையெல்லாம் நினைத்துக்கொண்டு அத்தை அந்தக் குழாயையே பார்த்துக்கொண்டிருந்தார். உங்கள் நாய் ஷ்னாவ்சர் என்றால், ரத்தம் எடுக்கும்போது மேல்நீர் எந்த நிறத்தில் இருந்தது என்று கேளுங்கள்.

5. செலவு: முதலிலேயே பேசிவிடுங்கள்

பணத்தைப் பற்றிக் கேட்பது பாசக் குறைவு இல்லை. கேட்காமல் இருந்தால்தான் மூன்றாம் நாள் நெஞ்சு அடைக்கும். எங்களுக்கு வந்த கணக்கு இது:

- இரவு நேர அவசர ஆலோசனை: 200 வெள்ளி
- ரத்தப் பரிசோதனைகளும் சிபிஎல்லும்: 410
- எக்ஸ்ரே: 180
- அல்ட்ராசவுண்ட்: 330
- மூன்று இரவு வார்டு, நரம்பு வழிச் சொட்டு நீர், ஊசிகள்: இரவுக்கு 520 வீதம் 1,560
- வீட்டுக்குக் கொடுத்த மருந்து: 140
- கொழுப்புக் குறைந்த டின் உணவு: 75

கூட்டினால் 2,895. இதற்கு மேல் 9 விழுக்காடு பொருள் சேவை வரி. ஆக 3,155 வெள்ளியும் சில்லறையும். முதல் மருந்தகத்தில் கொடுத்த 160 இதில் சேரவில்லை. இது எட்டு கிலோ நாய்க்கு, சிக்கல் எதுவும் இல்லாமல் மூன்று இரவுக்கு ஆனது. பெரிய நாய்க்கு மருந்தும் சொட்டு நீரும் கூடும். நோய் கடுமையாகி வாரக்கணக்கில் தங்க நேர்ந்தால் இதைப் போலப் பல மடங்கு ஆகும்.

சேர்க்கும்போதே முன்பணம் கேட்பார்கள். எங்களிடம் 2,000 வெள்ளி கேட்டார்கள். உங்கள் வங்கி அட்டையில் நாளொன்றுக்கு உள்ள வரம்பைப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். நள்ளிரவில் அதை உயர்த்திக்கொண்டு நிற்பது கொடுமை. நம் மருத்துவச் சேமிப்பான மெடிசேவ் விலங்குகளுக்குச் செல்லாது.

எழுத்தில் மதிப்பீடு கேளுங்கள். குறைந்தபட்சம், அதிகபட்சம் என்று இரண்டு எண் கொடுப்பார்கள். மனதில் பெரிய எண்ணை வைத்துக்கொள்ளுங்கள். பில் குறிப்பிட்ட தொகையைத் தாண்டுமுன் அழைக்கச் சொல்லுங்கள். கையில் இருப்பது குறைவு என்றால் மறைக்காமல் சொல்லுங்கள். எந்தச் சோதனை இன்றே வேண்டும், எது நாளை போதும், லேசான நோய் என்றால் தினமும் கொண்டுவந்து தோலுக்கடியில் சொட்டு நீரும் ஊசியும் போட்டுப் போகலாமா என்று மருத்துவர் வரிசைப்படுத்திக் கொடுப்பார். வலி நிவாரணியை மட்டும் குறைக்கச் சொல்லாதீர்கள்.

6. வார்டில் இருக்கும் நாட்கள்

இந்த நோயை நேரடியாகக் குணமாக்கும் மாத்திரை என்று ஒன்றை எங்களுக்குக் கொடுக்கவில்லை. நரம்பு வழியாகச் சொட்டு நீர், வாந்தியை அடக்க மரோபிட்டன்ட் போன்ற மருந்து, வலிக்கு வீரியமான ஊசிகள், அப்புறம் சாப்பாடு. இவ்வளவுதான் சிகிச்சை. ஆன்டிபயாட்டிக் எல்லா நாய்க்கும் தேவைப்படாது. கொடுத்தால் எதற்கு என்று கேளுங்கள்.

சேர்க்குமுன் கட்டாயம் கேட்க வேண்டிய கேள்வி: “ராத்திரி இவனோடு யார் இருப்பார்கள்?” எல்லா இடத்திலும் இரவில் ஆள் இருப்பதில்லை. சில மருந்தகங்களில் கதவைப் பூட்டிவிட்டுக் காலையில்தான் வருவார்கள். சொட்டு நீர் ஏறும் நாயை அப்படி விட்டுவர எனக்கு மனம் இல்லை. அவர்கள் பகலில் பார்த்துக்கொண்டு இரவில் அவசர மருத்துவமனைக்கு மாற்றச் சொன்னால், சோதனை முடிவுகளையும் கொடுத்த மருந்துகளின் பட்டியலையும் கையோடு வாங்கிக்கொள்ளுங்கள். வாங்காவிட்டால் அதே சோதனைக்கு இரண்டு தடவை காசு கட்ட நேரிடும்.

தினமும் ஒரே நேரத்தில் அழைத்து மூன்றே கேள்வி கேளுங்கள்: வாந்தி எடுத்தானா, தானாகச் சாப்பிட்டானா, வலி எப்படி. பார்க்கப் போனால் உங்கள் பழைய சட்டை ஒன்றைக் கூண்டில் போட்டுவிட்டு வாருங்கள். மிளகு இரண்டாம் நாள் தாதி கையிலிருந்து சாப்பிடவில்லை. அத்தை போய்த் தரையில் உட்கார்ந்து விரலில் எடுத்து நீட்டினார். நக்கினான், அப்புறம் அரை டின் சாப்பிட்டான். தானாகச் சாப்பிட மறுத்தால் மூக்கு வழியாகக் குழாய் வைத்து உணவு கொடுப்பார்கள். பார்க்கக் கஷ்டமாக இருக்கும், ஆனால் பட்டினி கிடப்பதைவிட அது நல்லது.

7. வீட்டுக்கு வரும் நாள்

வாந்தி இல்லாமல், தானாகச் சாப்பிட்டு, வாய்வழி மருந்து தங்கும் நிலையில்தான் அனுப்புவார்கள். அவசரப்பட்டு முன்னதாகக் கூட்டிவராதீர்கள். கிளம்புமுன் வாங்க வேண்டியவை: ஒவ்வொரு மருந்தின் பெயர், எதற்கு, எத்தனை நாள், சாப்பாட்டுக்கு முன்னா பின்னா, எல்லாச் சோதனை முடிவுகளும், வரிவாரியான பில், அடுத்த சந்திப்புத் தேதி, மருத்துவரின் சுருக்க அறிக்கை. அறிக்கைக்குச் சில இடங்களில் தனிக் கட்டணம் உண்டு.

முதல் இரண்டு வாரம் ஒரு நாள் உணவை நான்கைந்தாகப் பிரித்துக் கொடுங்கள். பிறகு இரண்டு மூன்று வேளைக்கு வரலாம். மாத்திரையை வெண்ணெயிலோ சீஸிலோ பொதிந்து கொடுக்கும் பழக்கம் இருந்தால் விடுங்கள். மருந்து டின் உணவையே சின்ன உருண்டையாகப் பிடித்து உள்ளே வையுங்கள்.

காப்பீடு இருந்தால் இதே வாரத்தில் விண்ணப்பியுங்கள். எத்தனை நாளுக்குள் அனுப்ப வேண்டும் என்று ஒப்பந்தத்தில் இருக்கும். இதுவரை காப்பீடு எடுக்காதவர்கள், நாய் நன்றாக இருக்கும்போதே எடுங்கள். ஏற்கெனவே வந்த நோய்க்குக் காப்பீடு கிடைக்காது. மிளகுக்குக் கணையம் சம்பந்தமாக இனி எந்த ஒப்பந்தமும் உதவாது. புதிதாக எடுத்தாலும் காத்திருப்புக் காலம் என்று ஒன்று இருக்கும், அந்த நாட்களில் வரும் நோய்க்குப் பணம் வராது.

8. டப்பாவில் உள்ள கொழுப்பைக் கணக்குப் போடக் கற்றுக்கொள்ளுங்கள்

இதில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள், நானும் ஏமாந்தேன். கடையில் ஒரு டின்னில் கொழுப்பு 3 விழுக்காடு என்று இருந்தது. பக்கத்தில் உலர் தீனிப் பையில் 12 விழுக்காடு. டின்தான் நல்லது என்று அள்ளி வந்தேன். தப்பு. டின்னில் 78 விழுக்காடு தண்ணீர். தண்ணீரை நீக்கிவிட்டுப் பார்த்தால் மிச்சம் 22. அதில் 3 என்றால், 3-ஐ 22-ஆல் வகுத்து 100-ஆல் பெருக்க, 13.6 விழுக்காடு. உலர் தீனியில் ஈரம் 10, மிச்சம் 90. 12-ஐ 90-ஆல் வகுத்தால் 13.3. இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான்! இரண்டுமே மிளகுக்கு ஆகாது. இப்படி ஈரத்தை நீக்கிக் கணக்கிடும்போது 10 விழுக்காட்டுக்குக் கீழே இருப்பதைத்தான் எங்கள் மருத்துவர் கேட்டார். உங்கள் நாய்க்கு எவ்வளவு என்று உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள்.

இன்னொரு கண்ணி: பையில் கொழுப்புக்குப் பக்கத்தில் “குறைந்தபட்சம்” என்று போட்டிருந்தால், உள்ளே அதைவிட அதிகமாக இருக்கலாம். ஹில்ஸ், ராயல் கெனின் போன்ற நிறுவனங்கள் கொழுப்புக் குறைந்த மருத்துவ உணவு விற்கின்றன. விலை கூடுதல்தான். ஆனால் அதே பெயரில் கொழுப்புக் குறைக்காத வகையும் இருக்கிறது, பையின் நிறமும் ஒத்துப்போகும். “வயிற்றுக்கு” என்பதை மட்டும் பார்த்து வாங்காமல் “கொழுப்புக் குறைவு” என்பதையும் பார்த்து வாங்குங்கள். பழைய தீனியிலிருந்து புதியதற்கு ஒரு வாரத்தில் மெல்ல மாற்றுவது வழக்கம். மருத்துவமனையில் ஏற்கெனவே புதியதற்கு மாற்றியிருந்தால் பழையதற்குத் திரும்பவே வேண்டாம்.

வீட்டிலேயே சமைக்க ஆசைப்படுவீர்கள். தோல் நீக்கிய கோழி நெஞ்சுக்கறியும் வெள்ளைச் சோறும் சில நாளுக்குச் சரி. மாதக்கணக்கில் அது மட்டும் போதாது, சுண்ணாம்புச் சத்து முதல் பலவும் குறைந்துவிடும். வீட்டுச் சாப்பாடுதான் என்றால் மருத்துவரிடம் முறையான அளவுப் பட்டியல் வாங்குங்கள்.

9. வீட்டில் எல்லாரிடமும் சொல்லுங்கள், யாரையும் குற்றம் சொல்லாமல்

மருந்தைவிட இது கடினமான வேலை. நாய்க்கு ஊட்டும் பெரியவர்கள் அன்பைக் காட்டும் வழி அது. “இனி எதுவும் கொடுக்காதீங்க” என்று கத்தினால் ஒளித்துக் கொடுப்பார்கள். நாங்கள் அத்தையிடம் அவன் சாப்பாட்டுப் பொறுப்பையே கொடுத்துவிட்டோம். காலையில் எடை போட்டு அளந்து வைப்பது அவர்தான். நொறுக்குத் தீனிக்கு வெள்ளரித் துண்டும் அவித்த கேரட்டும் ஒரு டப்பாவில் இருக்கும், அவரே நறுக்கி வைக்கிறார். மிளகு இப்போது அவர் கத்தி பலகையில் படும் சத்தத்துக்கு ஓடுகிறான்.

குளிர்பெட்டியில் ஒரு தாள் ஒட்டுங்கள். பணிப்பெண் இருந்தால் அவர் மொழியிலேயே எழுதுங்கள். எங்கள் தாளில் உள்ளவை: நெய், வெண்ணெய், கசண்டு, தேங்காய்ப்பால், தேங்காய் எண்ணெய், ஆட்டுக் கொழுப்பு, கோழித்தோல், பன்றி இறைச்சி, முட்டை மஞ்சள்கரு, சீஸ், முறுக்கு, வடை, பிரியாணி, குழம்பு ஊற்றிய சோறு. வெங்காயமும் பூண்டும் கணையம் நன்றாக உள்ள நாய்க்குமே நஞ்சு, அதையும் எழுதுங்கள். முடி பளபளக்கத் தேங்காய் எண்ணெய், மீன் எண்ணெய் என்று யார் சொன்னாலும் மருத்துவரைக் கேட்காமல் வேண்டாம்.

தீபாவளி, பொங்கல், பிறந்தநாள் விருந்து என்றால் விருந்தினர் வரும் நேரம் நாயை அறையில் விடுங்கள். இருபது பேரிடம் இருபது தடவை சொல்ல முடியாது. பிள்ளைகள் நாற்காலிக்கடியில் கை நீட்டிக் கொடுப்பார்கள். குப்பைத் தொட்டிக்கு மூடி அவசியம். நடைக்குக் கூட்டிப்போகும்போது புளோக்கின் கீழ்த்தளத்தையும் உணவங்காடிப் பக்கத்தையும் கவனியுங்கள். யாரோ வீசிய ஒரு கோழி எலும்பு போதும்.

10. அடுத்த மூன்று மாதம்

எங்களுக்கு இரண்டு வாரத்தில் ஒரு சந்திப்பு, அதற்கு நான்கு வாரம் கழித்து இன்னொன்று, மூன்றாம் மாத முடிவில் ஒன்று. எடை, சிபிஎல், ரத்தக் கொழுப்பு மூன்றையும் ஒரு நோட்டில் தேதியோடு எழுதிவருகிறேன்.

இடையில் நீங்கள் கவனிக்க வேண்டியது: அதிகமாகத் தண்ணீர் குடித்து அதிகமாகச் சிறுநீர் கழித்தால் நீரிழிவு வந்திருக்கலாம், ஏனென்றால் இன்சுலின் சுரப்பதும் இதே கணையம்தான். நன்றாகச் சாப்பிட்டும் இளைத்து, மலம் அதிகமாகவும் எண்ணெய்ப் பசையோடும் போனால் நொதி சுரப்பது குறைந்திருக்கலாம். அதற்கு உணவில் கலக்கும் நொதித் தூள் இருக்கிறது, காலம் முழுதும் கொடுக்க வேண்டிவரும். எடை கூடிய நாயாக இருந்தால் மெல்லக் குறைக்கவும் இதுதான் நேரம். வெளியூர் போகும்போது நாய் விடுதியில் விட்டால், உணவை வேளைக்கு ஒன்றாகப் பொட்டலம் கட்டிக் கொடுங்கள், “வேறு எதுவும் கூடாது” என்று எழுதியே கொடுங்கள்.

ரத்தக் கொழுப்பைப் பார்க்க 12 மணி நேரம் பட்டினி வேண்டும், தண்ணீர் மட்டும் குடிக்கலாம். வெள்ளரித் துண்டும் கூடாது. நீரிழிவு மருந்து எடுக்கும் நாயாக இருந்தால் பட்டினி போடுமுன் மருத்துவரைக் கேளுங்கள். அன்றைய முதல் நேரத்தைக் கேட்டு வாங்குங்கள், முந்தைய இரவு ஏழு மணிக்கே சாப்பாட்டை முடித்துக்கொள்ளலாம். காலைச் சாப்பாட்டை ஒரு டப்பாவில் போட்டுக் கையோடு கொண்டுபோங்கள். ரத்தம் எடுத்ததும் அங்கேயே கொடுத்துவிடலாம்.